முதல் மாத வருமானம் 4 டாலர்... கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த டாக்டர்: இன்சுலின் தந்த பிரெடரிக் பான்டிங் யார்?

நவம்பர் 14 என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது நேரு பிறந்தநாளும் குழந்தைகள் தினமும்தான். அதே நாள்தான் உலக நீரிழிவு தினமும். ஏன் இந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? 1891-ல் இதே நவம்பர் 14-ம் தேதி பிறந்த ஒரு கனடா டாக்டருக்காக. அவர் பெயர் பிரெடரிக் பான்டிங். இன்சுலினைக் கண்டறிந்த குழுவின் முக்கியப் புள்ளி.

சுகர் இருக்கிற பல வீடுகளில் இன்றைக்கும் இன்சுலின் என்றாலே ஒரு பயம். ஊசி போட ஆரம்பித்துவிட்டால் நோய் கடைசி கட்டத்துக்குப் போய்விட்டது என்று நினைப்பவர்கள் நிறைய பேர். ஊசிக்குப் பயந்து கஷாயம், பொடி, சூரணம் என்று மாறிவிடுபவர்களும் உண்டு.

இன்சுலின் கிடைக்காத காலத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தால் இந்தப் பயத்தைப் பற்றி ஒரு தடவை யோசிப்போம். பான்டிங்கின் வாழ்க்கைக் கதை அதைத்தான் சொல்கிறது.

முதல் வருடமே ஃபெயில்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அலிஸ்டன் என்ற ஊர். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் ஐந்து குழந்தைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார் பான்டிங். படிப்பில் சூரப்புலி என்று சொல்ல முடியாது. டொரன்டோவில் கலைப் பிரிவில் சேர்ந்து முதல் ஆண்டிலேயே தோல்வி. பிறகு 1912-ல் மருத்துவப் படிப்புக்கு மாறினார்.

1914-ல் முதல் உலகப் போர் வந்தது. ராணுவத்தில் சேரப் போனார். கண்பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விடாமல் முயன்று அடுத்த ஆண்டு சேர்ந்தார். போருக்கு டாக்டர்கள் அவசரமாகத் தேவைப்பட்டதால் படிப்பு சீக்கிரமே முடிக்கப்பட்டு, 1916 டிசம்பரில் டாக்டர் ஆனார்.

1918-ல் பிரான்சின் காம்ப்ரே போர்முனையில் கையில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. காயத்தோடு மற்ற வீரர்களுக்குச் சிகிச்சை கொடுத்ததற்காக அவருக்கு ராணுவச் சிலுவை என்ற வீரப் பதக்கம் கிடைத்தது.

நோயாளியே வராத கிளினிக்

போர் முடிந்து ஊர் திரும்பிய பான்டிங், 1920 ஜூலையில் ஒரு கிளினிக் திறந்தார். ஊரின் பெயர் லண்டன். இங்கிலாந்து லண்டன் இல்லை, ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கும் லண்டன். வாசலில் போர்டு மாட்டிவிட்டுக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. முதல் மாதம் முழுக்கக் கிடைத்த வருமானம் வெறும் 4 டாலர்.

செலவைச் சமாளிக்க உள்ளூர் மருத்துவக் கல்லூரியில் பகுதிநேரமாகப் பாடம் எடுக்கத் தொடங்கினார். அந்தப் பாடம்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

1920 அக்டோபர் 30 இரவு. உடம்பு சர்க்கரையை எப்படிப் பயன்படுத்துகிறது என்ற பாடத்துக்காகத் தயார் செய்துகொண்டிருந்தார். தூங்கப் போகும் முன் ஒரு மருத்துவ இதழைப் புரட்டினார். கணையம் பற்றி மோசஸ் பாரன் என்ற டாக்டர் எழுதிய கட்டுரை கண்ணில் பட்டது. படித்த பிறகு தூக்கம் வரவில்லை. நள்ளிரவு தாண்டி 2 மணி அளவில் எழுந்து, தனக்குத் தோன்றிய யோசனையை நோட்டில் சில வரிகளில் எழுதி வைத்தார். அந்தக் குறிப்பில் நீரிழிவு என்ற சொல்லின் ஆங்கில ஸ்பெல்லிங்கே தப்பு!

என்ன அந்த யோசனை?

கணையம் நம் வயிற்றுக்குப் பின்னால் இருக்கிற ஓர் உறுப்பு. அதற்கு இரண்டு வேலை. ஒன்று, சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நீரைச் சுரந்து, ஒரு சிறு குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புவது. இரண்டாவது, இன்சுலின் என்ற ஹார்மோனை நேராக ரத்தத்தில் கலப்பது. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை உடலின் செல்களுக்குள் போக, இன்சுலின்தான் கதவைத் திறக்கிற சாவி மாதிரி.

கணையத்தை எடுத்துவிட்டால் நாய்க்கு நீரிழிவு வருகிறது என்று 1889-லேயே ஜெர்மனி ஆய்வாளர்கள் மின்கோவ்ஸ்கியும் மெரிங்கும் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்படியென்றால் கணையத்திலிருந்து அந்தச் சத்தைப் பிரித்து நோயாளிக்குக் கொடுத்தால் போதுமே? பல நாடுகளில் பலர் முயன்றார்கள். நோயாளிக்குத் தொடர்ந்து கொடுக்கிற அளவுக்கு நம்பகமான மருந்து யாருக்கும் கிடைக்கவில்லை.

கணையத்தின் செரிமான நீரே அந்த நல்ல சத்தை அழித்துவிடுகிறதோ என்று பான்டிங் சந்தேகப்பட்டார். செரிமான நீர் போகிற குழாயைக் கட்டிவிட்டால், அதைச் சுரக்கும் பகுதி கொஞ்ச நாளில் சுருங்கிப் போகும். இன்சுலின் சுரக்கும் பகுதி மட்டும் மிஞ்சும். அதிலிருந்து சாறு எடுத்தால்? இதுதான் அந்த இரவில் தோன்றிய யோசனை.

இன்சுலின் ஏன் மாத்திரையாக வருவதில்லை என்று பலரும் கேட்கிற கேள்விக்கான பதிலும் இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள் சேர்ந்த சங்கிலி. வாய் வழியாக விழுங்கினால், முட்டையையும் பருப்பையும் செரிப்பது போலவே நம் வயிறும் குடலும் அதையும் உடைத்துச் செரித்துவிடும். மருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேராது. அதனால்தான் ஊசி. நோய் முற்றிவிட்டது என்பதற்கான அடையாளம் இல்லை அது. வயிற்றிடமிருந்து மருந்தைக் காப்பாற்றுகிற வழி, அவ்வளவுதான்.

கோடை வெயிலும் நாய்களும்

யோசனையோடு டொரன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மெக்லியோடைப் போய்ப் பார்த்தார் பான்டிங். சர்க்கரை பற்றிய ஆராய்ச்சியில் அவர் பெரிய ஆள். எதிரே இருப்பவரோ ஆராய்ச்சி அனுபவமே இல்லாத அறுவை சிகிச்சை டாக்டர். மெக்லியோடுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இருந்தாலும் ஒரு சிறிய ஆய்வகம், சில நாய்கள், உதவிக்கு ஒரு மாணவர் என ஏற்பாடு செய்து கொடுத்தார். அந்த மாணவர்தான் சார்லஸ் பெஸ்ட். இரண்டு மாணவர்களில் யார் முதலில் வேலைக்கு வருவது என்று காசு சுண்டிப் பார்த்ததில் பெஸ்ட் ஜெயித்தார் என்று சொல்வார்கள்.

1921 மே 17-ல் வேலை தொடங்கியது. பான்டிங்குக்கு அப்போது சம்பளம் கிடையாது. கோடை வெயிலில் அந்தச் சின்ன அறை கொதித்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கிருமித் தொற்றால் நாய்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. ஜூலை இறுதியில்தான் முதல் வெளிச்சம் தெரிந்தது. கணையச் சாறு செலுத்திய நாயின் ரத்தச் சர்க்கரை இறங்கியது.

பிறகுதான் தெரிந்தது, குழாயைக் கட்டி வாரக்கணக்கில் காத்திருக்கத் தேவையே இல்லை. கசாப்புக் கூடத்தில் கிடைக்கிற மாட்டுக் கணையத்திலிருந்தே ஆல்கஹாலைப் பயன்படுத்திச் சாறு எடுக்கலாம். ஆக, பான்டிங்கின் முதல் யோசனை முழுக்கச் சரியில்லை. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு விடாமல் போனதால்தான் சரியான வழி கிடைத்தது.

டிசம்பரில் குழுவில் சேர்ந்தார் உயிர்வேதியியல் நிபுணர் ஜேம்ஸ் காலிப். சாறைச் சுத்தப்படுத்துவது அவர் வேலை.

29 கிலோ எடையில் ஒரு 14 வயதுப் பையன்

1922 ஜனவரி. டொரன்டோ பொது மருத்துவமனையில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன் சாவின் விளிம்பில் இருந்தான். எடை சுமார் 29 கிலோ. எலும்பும் தோலும்தான்.

அந்தக் காலத்தில் குழந்தைக்கு நீரிழிவு என்றால் பெற்றோர் அழ ஆரம்பித்துவிடுவார்கள். மருந்தே இல்லை. இருந்த ஒரே சிகிச்சை பட்டினி. மாவுச்சத்து எல்லாவற்றையும் நிறுத்தி, உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும் அளவுக்கு மட்டும் சாப்பாடு கொடுப்பார்கள். அதனால் சில மாதங்களோ, ஓரிரு வருடங்களோ கூடுதலாகக் கிடைக்கும். நோயால் சாகாத குழந்தை பசியால் வாடும்.

ஜனவரி 11-ம் தேதி லியோனார்டுக்கு முதல் ஊசி போடப்பட்டது. பலன் சரியில்லை. சர்க்கரை கொஞ்சம்தான் குறைந்தது. சாறில் அழுக்கு இருந்ததால் ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்தது. ஊசியை நிறுத்திவிட்டார்கள்.

காலிப் இரவு பகலாக உழைத்து, சாறை இன்னும் சுத்தமாக்கினார். 12 நாள் கழித்து, ஜனவரி 23-ல் மறுபடி ஊசி. இந்தத் தடவை 520 மில்லிகிராம் இருந்த ரத்தச் சர்க்கரை ஒரே நாளில் 120-க்கு இறங்கியது. பையன் எழுந்து உட்கார்ந்தான். சாப்பிட்டான். தெம்பு வந்தது. அதன்பிறகு 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

வயிற்று வலி என்று நினைத்து ஏமாற வேண்டாம்

லியோனார்டுக்கு வந்தது இப்போது முதல் வகை நீரிழிவு என்று சொல்லப்படுவது. உடம்பில் இன்சுலின் சுரப்பது ஏறக்குறைய நின்றுபோகும். சர்க்கரையைப் பயன்படுத்த முடியாத உடம்பு, கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில் உருவாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

இன்றைக்கும் இதைக் கண்டுபிடிக்கத் தாமதமாவது உண்டு. காரணம், கீட்டோன் கூடும்போது வருகிற அறிகுறிகள் வயிற்றுக் கோளாறு மாதிரியே இருக்கும். வயிற்று வலி, வாந்தி, சோர்வு. வீட்டில் ஓமத் தண்ணீர், சீரகக் கஷாயம், இஞ்சிச் சாறு கொடுத்துப் பார்ப்போம். சாதாரண அஜீரணம் என்றால் சரியாகிவிடும். ஆனால் கூடவே இந்த அறிகுறிகள் இருந்தால் கஷாயத்தோடு காத்திருக்கக் கூடாது:

• அடங்காத தாகம்
• அடிக்கடி சிறுநீர், ஏற்கெனவே பழக்கம் விட்ட குழந்தை படுக்கையை நனைப்பது
• நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது
• வேகமான, ஆழமான மூச்சு
• மூச்சில் பழ வாசனை
• வழக்கத்தை மீறிய தூக்கக் கலக்கம்

உடனே மருத்துவமனைக்குப் போய் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிடும்.

அமைச்சர் மகளின் ரகசியம்

இன்சுலின் செய்தி பரவியதும் டொரன்டோவை நோக்கிக் கடிதங்கள் குவிந்தன. அப்போது அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத்தும் அதில் ஒருவர். 11 வயதில் நோய் வந்து, மூன்று ஆண்டுகளுக்கு மேல் பட்டினி சிகிச்சையில் இருந்த பெண். 1922 ஆகஸ்டில் பான்டிங்கிடம் வந்தபோது வயது 15-ஐ நெருங்கியிருந்தது, எடையோ சுமார் 20 கிலோ.

இன்சுலின் போட ஆரம்பித்த சில வாரங்களில் ரொட்டி, உருளைக்கிழங்கு என்று வருடக்கணக்கில் தொடாததையெல்லாம் சாப்பிட்டார். படித்தார், கல்யாணம் செய்தார், பிள்ளைகள் பெற்றார். 1981-ல் 73 வயதில்தான் இறந்தார். கிட்டத்தட்ட 58 வருடம் தினமும் ஊசி. கடைசி கட்டத்தில் போடுவதுதான் இன்சுலின் என்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. தனக்கு நீரிழிவு இருப்பதை எலிசபெத் வாழ்நாள் முழுக்க வெளியாட்களிடம் மறைத்தே வைத்தார். நம் ஊரில் கல்யாணப் பேச்சில் சுகரை மறைக்கிறார்களே, அதே தயக்கம்தான். மறைத்தால் ஆபத்து அதிகம். இன்சுலின் போட்டவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கி, கை நடுங்கி, வியர்த்து, மயக்கம் வரலாம். பக்கத்தில் இருப்பவருக்கு விஷயம் தெரிந்தால்தான், நினைவு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோ கொடுத்துக் காப்பாற்ற முடியும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

ஒரு டாலருக்கு விற்ற காப்புரிமை

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை வைத்து பான்டிங் கோடீஸ்வரர் ஆகியிருக்கலாம். ஆனால் டாக்டராக இருப்பவர் மருந்துக்குக் காப்புரிமை வாங்கி லாபம் பார்ப்பது சரியில்லை என்பது அவர் எண்ணம். முதலில் தன் பெயரைச் சேர்க்கவே மறுத்தார். கடைசியில் பான்டிங், பெஸ்ட், காலிப் மூவர் பெயரிலும் வாங்கப்பட்ட காப்புரிமை, தலா 1 டாலருக்கு டொரன்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கப்பட்டது. தரமற்ற இன்சுலினை யாரும் விற்கக் கூடாது, ஒரே ஆள் வளைத்துப் போடவும் கூடாது என்பதே நோக்கம். அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தோடு சேர்ந்து பெருமளவு உற்பத்தி தொடங்கியது.

1923-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பான்டிங்குக்கும் மெக்லியோடுக்கும் அறிவிக்கப்பட்டது. பான்டிங்குக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம். கூடவே இருந்து உழைத்த பெஸ்டுக்கு இல்லையா என்று கொதித்தார். தன் பரிசுப் பணத்தில் பாதியை பெஸ்டுக்குக் கொடுத்தார். மெக்லியோட் தன் பங்கில் பாதியை காலிப்புக்குக் கொடுத்தார். மருத்துவ நோபல் பரிசு பெற்றவர்களில் இன்றுவரை பான்டிங்தான் மிக இளையவர்.

பான்டிங் முன்கோபக்காரர். மெக்லியோடோடும் காலிப்போடும் அவருக்குக் கடுமையான சண்டைகள் நடந்தன. ஆனால் நான்கு பேரில் ஒருவர் குறைந்திருந்தாலும் இன்சுலின் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது.

செடியிலிருந்து வந்த இன்னொரு மருந்து

லியோனார்டுக்கு ஊசி போட்ட அதே 1922-ல், அயர்லாந்தின் டப்ளினில் வெர்னர், பெல் என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஒரு ரசாயனத்தைத் தயாரித்தார்கள். இன்று கோடிக்கணக்கானோர் சாப்பிடும் மெட்ஃபார்மின்தான் அது.

இதன் வேர் ஒரு செடி. ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடியைச் சர்க்கரை நோய் அறிகுறிகளுக்குப் பழங்காலத்திலிருந்தே பயன்படுத்தினார்கள். அதில் உள்ள கலேஜின் என்ற பொருள் சர்க்கரையைக் குறைத்தது. ஆனால் அப்படியே கொடுத்தால் நச்சுத்தன்மை. அதன் உறவுக்காரப் பொருள்களைச் சோதித்துச் சோதித்து, பாதுகாப்பான மெட்ஃபார்மினை 1957-ல்தான் பிரான்ஸ் டாக்டர் ஜான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்கான மருந்தாக முன்வைத்தார். சிலருக்கு இது வயிற்றைப் புரட்டும். அதனால்தான் சாப்பாட்டோடு சாப்பிடச் சொல்கிறார்கள்.

வயிற்றைக் காக்கும் செடிகளிலும் இதே கதைதான். அதிமதுரம் வயிற்றுப் புண்ணுக்கு நல்லது என்று நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரியும். அதிலுள்ள பொருளை மாற்றி கார்பெனாக்ஸலோன் என்ற அல்சர் மருந்தை 1960-களில் பிரிட்டனில் கொண்டுவந்தார்கள். புண் ஆறியது. ஆனால் உடம்பில் உப்பும் நீரும் தங்கி, ரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் குறைந்தது. அதிமதுரத்தை அளவுக்கு மீறி தொடர்ந்து சாப்பிட்டாலும் இதே பிரச்னை வரலாம். சுகரோடு பி.பி.யும் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படின்னா மூலிகையே கூடாதா? அப்படி இல்லை. செடியில் மருந்து உண்டு. ஆனால் எவ்வளவு, யாருக்கு, எந்த மாத்திரையோடு என்பதுதான் கேள்வி. எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முக்கியமாக, முதல் வகை நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உட்பட எந்த மாத்திரையும், எந்த மூலிகையும் இன்சுலினுக்கு மாற்று இல்லை. நிறுத்தினால் லியோனார்ட் இருந்த நிலைக்கே சில நாட்களில் போய்விடும்.

பனியில் முடிந்த வாழ்க்கை

நோபலுக்குப் பிறகு கனடா நாடாளுமன்றம் பான்டிங்குக்கு ஆயுள் முழுக்க ஆண்டுக்கு 7,500 டாலர் அறிவித்தது. 1934-ல் சர் பட்டம் வந்தது. சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோய், விமானிகளின் உடல்நலம் என்று ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். ஓய்வு கிடைத்தால் தூரிகையை எடுத்துக்கொண்டு பனிப்பிரதேசங்களுக்குக் கிளம்பிவிடுவார். நல்ல ஓவியர்.

இரண்டாம் உலகப் போர் நேரம். 1941 பிப்ரவரியில் பிரிட்டன் செல்ல ஒரு ராணுவ விமானத்தில் ஏறினார். நியூஃபவுண்ட்லாந்தில் கிளம்பிய சிறிது நேரத்தில் இன்ஜின் பழுதாகி, பனி மூடிய காட்டில் விமானம் விழுந்தது. விமானி மட்டும் பிழைத்தார். படுகாயமடைந்த பான்டிங் பிப்ரவரி 21-ல் இறந்தார். வயது 49.

நமக்கு என்ன சொல்கிறது இந்தக் கதை?

சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சி அமைப்பு முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு. நோய்க்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் சுமார் 13.6 கோடி பேர்.

சாப்பிடும் முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லையென்றால் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள்.

பான்டிங் கிளினிக் வைத்திருந்த கனடா லண்டன் வீடு இப்போது அருங்காட்சியகம். அதன் வெளியே 1989-ல் ஏற்றிய ஒரு தீபம் இன்னும் எரிகிறது. நீரிழிவை முழுக்கக் குணமாக்கும் வழி கிடைக்கிற நாளில்தான் அதை அணைப்பார்கள். அதாவது, இன்சுலின் நோயைக் குணப்படுத்துவதில்லை, உயிரோடு வாழ வைக்கிறது.

அந்தத் தீபம் அணைகிற வரை செய்ய வேண்டியது சுலபம்தான். 30 வயது தாண்டியிருந்தால் வருடம் ஒரு தடவை சர்க்கரையைப் பாருங்கள். டாக்டர் இன்சுலின் எழுதிக் கொடுத்தால் தள்ளிப்போடாதீர்கள். 1921 வரை எத்தனையோ அப்பா அம்மாக்கள் தங்கள் பிள்ளைக்குக் கிடைக்காதா என்று ஏங்கிய மருந்து, இன்று நம் தெரு முனை மெடிக்கல் ஷாப்பின் ஃபிரிட்ஜில் இருக்கிறது.